அழிக்கச் சொன்ன சிவப்பு: பாபநாசம் படித்துறையில் ஒரு காலை

கோபத்தோடுதான் பஸ் ஏறினேன், அதை மறைப்பானேன்? சென்னையில் நடக்கும் நிலக்காட்சி ஓவியக் கண்காட்சிக்கு நான் அனுப்பிய பாபநாசம் ஆற்றுப் படம் திரும்பி வந்துவிட்டது. பச்சை மலை, பச்சைத் தண்ணீர், நடுப்பாறையில் மாட்டிக் கிடக்கும் ஒரு சிவப்புச் சேலை. 'நிறங்கள் இசையவில்லை. சேலையை எடுத்துவிட்டுத் திங்கட்கிழமைக்குள் அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறோம்' என்று தேர்வுக்குழுவின் கடிதம். பன்னிரண்டு வருஷமாக வரைகிறேன். ஒரு கண்காட்சியிலும் என் படம் தொங்கியதில்லை. வாட்டர்கலரில் சிவப்பை அழித்தால் தாள் பல்லிளித்துவிடும். சரி, புதிதாகவே வரைந்து தொலைப்போம் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 5.20க்குத் திருநெல்வேலி புதிய பஸ் நிலையத்தில் பஸ். 48 ரூபாய், ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். 7.05க்குக் கோயில் முன்னால் இறங்கினேன். வெயில் மலையில் சாய்வாக விழும் அருமையான நேரம்.

ஆனால் படித்துறையைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. வேட்டி, துண்டு, சேலை, உள்பாவாடை! பரிகாரத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுப் போகிறார்கள். 'துணிகளைப் போடாதீர்' என்ற பலகைக்கு நேர் கீழேயே ஒரு குவியல். என் கண்ணெதிரே ஒருவர் வேட்டியை அவிழ்த்து ஆற்றில் விட்டார். ஏன் இப்படி என்று கேட்டேவிட்டேன்.

"சோசியர் சொல்லித்தான் விடுதோம். பாவம் தண்ணியோட போயிரும். ஒங்களுக்கு என்னம்மா?"

"பாவம் போவுதோ இல்லையோ, வேட்டி அங்கன பாறையில மாட்டிக்கிட்டு கெடக்கு, பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வரைய உட்கார்ந்தேன். தாளின் மேல் மூன்றில் ஒரு பங்கில் மலைவிளிம்பு, இடது பக்கம் பெரிய பாறை. மலையின் பச்சையிலேயே கொஞ்சம் மஞ்சள் கலந்து தண்ணீருக்கும் போட்டேன். அப்போதுதான் இரண்டும் ஒன்றோடு ஒன்று சேரும். பாறையில் மூன்று துணிகள் தொங்கின. ஒன்றையும் வரையவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், படம் அழகாக வந்தது.

ஒன்பதரை மணிக்கு, இடுப்பளவு தண்ணீரில் நின்று கொக்கிக் கழியால் துணி அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் கரையேறி வந்து என் படத்தை எட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. துணியெல்லாம் எங்கக்கா?"

"படத்துக்கு ஒத்து வரல. எடுத்துட்டேன்."

"படத்துல நீங்க எடுத்துட்டிய. தண்ணியில எடுக்கது ஆரு? விடிஞ்சதுல இருந்து அள்ளுதேன், காலெல்லாம் வெறச்சுப் போச்சு."

சொல்லிவிட்டு மறுபடியும் இறங்கிவிட்டார். எனக்குக் காது சுட்டது. இவ்வளவு நேரம் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்த நான் செய்தது மட்டும் என்னவாம்?

திங்கட்கிழமை பழைய படத்தையே, சிவப்புச் சேலையோடு, மறுபடி அனுப்பினேன். புதன்கிழமை பதில் வந்தது: இடமில்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது, அழுகையும் வந்தது. ஆனாலும் திரும்பி வந்த அந்தப் படத்தைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

வரையப் போகிறவர்கள் ஏழரைக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலில் எல்லா நிறமும் வெளுத்துவிடும். குடிதண்ணீர் கொண்டு போங்கள். குளிக்கப் போகிறவர்கள் ஈரத்துணியைப் பிழிந்து பையில் போட்டு வீட்டுக்கே கொண்டு போங்கள். உங்கள் பாவத்தை ஏன் இன்னொருத்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று அள்ள வேண்டும்?