பட்டியலில் முதல் பெயர்

அப்போது நான் ஹைதராபாத் பேகம்பேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டு இணையதளங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். ஒரே ஹாலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்போம். ஒருநாள் முதுகுவலிக்கான மெத்தை, மறுநாள் நாய் ஷாம்பு, அடுத்த வாரம் கனடாவில் வீட்டுக்கடன். எதையும் கண்ணால் பார்த்தது கிடையாது. நான்கைந்து கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவற்றிலிருந்து ஒன்றை எழுதுவோம்.

அப்படித்தான் ‘பாதுகாப்பான, நம்பகமான ஆன்லைன் கேசினோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி’ என்ற தலைப்பு, கம்பெனியே நடத்தும் ஒரு தளத்துக்காக, என் மேஜைக்கு வந்தது. கேசினோவை நான் சினிமாவில்தான் பார்த்திருந்தேன். உரிமம் இருக்கிறதா பாருங்கள், பக்கத்தின் கீழே முத்திரை இருக்கும். ஜெயித்த பணத்தை எடுப்பது சுலபமா பாருங்கள். எந்நேரமும் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்களா பாருங்கள். இப்படி மூன்று பக்கம் எழுதினேன். கட்டுரைக்கு அடியில் ‘நாங்கள் பரிந்துரைக்கும் ஐந்து தளங்கள்’ என்று ஒரு பட்டியல் போக வேண்டும். எதை முதலில் போடுவது, எதை ஐந்தாவதாகப் போடுவது என்று மேனேஜர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அப்படியே அடித்தேன். கட்டுரை நன்றாக இருப்பதாகப் பாராட்டும் வந்தது. அதை வீட்டிலும் சொல்லிக்கொண்டேன்.

வீடு லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன், வேலையாட்களை மேற்பார்க்கும் உத்தியோகம். மதுரையிலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நண்பர்களோடு ரம்மி ஆடுவது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. முழங்கால் வலி வந்த பிறகு கிளப்பின் மாடிப்படி ஏற முடியாமல் அதுவும் நின்றுபோயிருந்தது. நான் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டரில் அவர் ஏதோ சீட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். சும்மா ஆடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அம்மா சமையலறையில் இருக்கும்போது, அப்பா என்னைப் பின்பக்கம் தண்ணீர்த்தொட்டி அருகே கூப்பிட்டார்.

“ஏம்மா, கேசினோ பத்தி எழுதுனேன்னு சொன்னேல்ல. அதுல மொதல்ல போட்டிருந்த சைட்டு நல்லதுதான?”

“எதுக்குப்பா கேக்குறீங்க?”

“சும்மாதான்.”

சும்மா இல்லை என்று அவர் குரலிலேயே தெரிந்தது. அப்புறம் அவரே சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக அதில் ஆடுகிறார். கொஞ்சம் ஜெயித்தும் இருக்கிறார். ஜெயித்ததை எடுக்கப் போனபோது அடையாளம் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். துபாயில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போவதற்காக எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். பிறகு பான் கார்டு. பிறகு ஏடிஎம் கார்டு. வீட்டு முகவரிக்கு ஆதாரமாகக் கரண்ட் பில் கேட்டார்களாம். குவார்ட்டர்ஸ் என்பதால் தன் பெயரில் பில் இல்லையே என்று ரயில்வே அடையாள அட்டையையும் அனுப்பியிருக்கிறார்.

“ஏடிஎம் கார்டு பின்பக்கமுமா அனுப்புனீங்க? அந்த மூணு நம்பர் தெரியிற மாதிரியா?”

“ரெண்டு பக்கமும் கேட்டாங்கல்ல.”

“எப்ப அனுப்புனீங்க?”

“பதினோரு நாளாச்சு. பதிலே இல்ல. நேத்துதான் ஒண்ணு வந்துச்சு. பாஸ்போர்ட்ட கையில புடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அதான், அனுப்பலாமான்னு ஒன்னயக் கேட்டுக்கலாம்னு…”

அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. சரக்கு நல்லதுதானா என்று கடைக்காரரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இது ஆபீசுக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆகும்? ஐடி கார்ட வேற குடுத்துட்டனே. எட்டு மாசந்தான் இருக்கு,” என்றார். அவருடைய பெரிய பயம் அதுதான். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் இணையத்தில் சூதாடினார் என்று யாராவது ஒரு கடிதம் போட்டுவிட்டால் விசாரணை வருமா, பென்ஷன் நிற்குமா என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாததுதான் பயத்தை வளர்த்தது.

அன்றைக்கே பாங்க் மூடுவதற்குள் ஓடினோம். மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம். கவுன்ட்டரில் இருந்த அதிகாரி, கார்டை ஏன் நிறுத்த வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். அப்பா தயங்காமல், கார்டு தொலைந்துவிட்டது என்றார். கார்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. மெல்லிய வெள்ளைத் துணி வழியாக அதன் நீல நிறம் எனக்குத் தெரிந்தது. அதிகாரிக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து நான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கார்டு நின்றது. கணக்கிலிருந்து வேறு எதுவும் போகவில்லை. ஆனால் பாஸ்போர்ட் நகலையும் அடையாள அட்டை நகலையும் நிறுத்திவைக்க எந்தக் கவுன்ட்டரும் இல்லை.

வீட்டுக்கு வந்து நான் எழுதிய கட்டுரையையும் அந்தத் தளத்தையும் அருகருகே திறந்து வைத்தேன். நான் எழுதிய ஒவ்வொன்றையும் அன்றுதான் முதல்முதலாகச் செய்து பார்த்தேன். உரிம முத்திரை கீழே பளபளவென்று இருந்தது. அதன்மேல் க்ளிக் செய்தேன். எதுவும் திறக்கவில்லை. அது வெறும் படம். உண்மையான முத்திரை என்றால், உரிமம் கொடுத்தவர்களுடைய பக்கம் திறந்து அதில் இந்தத் தளத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பதைத் தேடிப் பிடித்துத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எழுதும்போது அந்த அரை மணி நேரத்தை நான் செலவழிக்கவில்லை.

பணம் எடுக்கும் விதிகள் எங்கோ ஒரு மூலையில், பொடி எழுத்தில் இருந்தன. சேரும்போது இனாமாகக் கொடுக்கும் தொகையைப் பல மடங்கு ஆடித் தீர்த்த பிறகுதான் ஜெயித்ததைக் கேட்கவே முடியும். அதன் பிறகும் ‘நிறுவனத்தின் விருப்பத்தின்படி’ என்று ஒரு வரி. பணம் கட்டும்போது ஒரு காகிதமும் கேட்காதவர்கள், எடுக்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். உதவிப் பெட்டியில், “உங்கள் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது?” என்று கேட்டேன். ‘உங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறேன்’ என்று பதில் வந்தது. திரும்பவும் கேட்டேன். அதே வரி, அதே புள்ளியோடு வந்தது.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், யாரையும் அதட்டிப் பேசாதவர். அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. முதலில் இருக்கும் தளத்தின் முத்திரை போலி, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டேன்.

“அவங்க நம்ம கிளையன்ட்டுங்க. மொத எடத்துக்குன்னு தனியாவே குடுக்கறாங்க,” என்றார்.

“ஆனா நம்பகமானதுன்னு நாமதானே எழுதியிருக்கோம் சார்?”

“நாம எழுதறதோட சரிங்க. ஆடறவங்க பாத்து ஆடிக்கோணும். நீங்க அந்த மெத்தைக் கட்டுரைய முடிச்சிட்டீங்களா?”

என் இடத்துக்கு வந்தேன். எங்கள் கட்டுரைப் பக்கத்தின் கடைசியில் ‘உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்’ என்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருப்பது நினைவுக்கு வந்தது. அதை யார் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். “யாரும் பாக்குறதில்ல, பாஸ்வேர்டு அந்த சிஸ்டத்துல ஒட்டியிருக்கு பாரு,” என்றாள். திறந்தேன். பக்கம் பக்கமாகத் திறக்காத கடிதங்கள். பெரும்பாலானவை அந்த முதல் தளத்தைப் பற்றித்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், ‘உங்கள் பட்டியலை நம்பித்தான் சேர்ந்தேன், என் காகிதங்களை யாரிடம் கேட்பது என்றாவது சொல்லுங்கள்’ என்று நாலு முறை எழுதியிருந்தார். நாலாவதில் வணக்கம்கூட இல்லை.

அப்போது நான் செய்த காரியத்தைப் பற்றி இன்றுவரை எனக்கு நிம்மதி கிடையாது. அந்த முகவரியிலிருந்தே தளத்துக்கு எழுதினேன். அப்பாவின் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, இவருக்கு உடனே தீர்த்துக் கொடுத்து ஆவணங்களை அழித்ததாக எழுத்தில் தராவிட்டால், பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது என்று மிரட்டினேன். அப்படிச் செய்ய எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் பணம் வந்துவிட்டது. ஆவணங்கள் அழிக்கப்பட்டன என்று ஒரு வரியும் வந்தது. அந்த ஒரு வரியை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். பெரிய பாரம் இறங்கின முகம்.

“வந்துருச்சும்மா! நாந்தான் வீணா பயந்துட்டேன். நீ எழுதுனது சரிதான். நல்ல சைட்டுதான்.”

அவரை வெளியே கூட்டிப்போய், ரயில்வே கிரவுண்டைச் சுற்றி நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துண்டுத்தாள், போலி முத்திரை, நான் விட்ட மிரட்டல், திறக்காத கடிதங்கள். முழங்கால் வலித்திருக்க வேண்டும். ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அப்ப எனக்கு வந்தது, ஒன்னால வந்தது.”

“ஆமாப்பா.”

“மத்த ஆளுகளுக்கு?”

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, “இனிமே நக்கோ,” என்று, வேண்டாம் என்பதை ஹைதராபாத் பாஷையில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த எட்டு மாதமும் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அப்பா எடுக்காமல் என்னிடம் நீட்டுவார். ஒர்க்‌ஷாப்பில் மேலதிகாரி கூப்பிட்டார் என்று சொன்ன ஒரு நாள் நான் வீட்டை விட்டு நகரவில்லை. யாருக்கோ பிரிவு உபசாரம் செய்ய நன்கொடை கேட்டாராம். ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கும் மாலை போட்டுச் சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்கள். பென்ஷன் புத்தகம் கைக்கு வந்த அன்றுதான் வீட்டில் பழையபடி பேச்சு வந்தது. ஆனாலும் அந்த நகல்கள் எங்கோ இருக்கின்றன என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

பெஞ்சில் அப்பா கேட்ட கேள்விக்கு மறுநாள் காலை நான் ஒரு பதில் சொல்லப் பார்த்தேன். வேலைக்குச் சீக்கிரம் போய், அந்தக் கடிதங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். முத்திரை போலி, கார்டை உடனே நிறுத்துங்கள், இனி எந்தக் காகிதமும் போட்டோவும் அனுப்பாதீர்கள், எங்கள் பட்டியல் காசு வாங்கிக்கொண்டு போட்டது என்று எழுதினேன். கட்டுரையில் முதல் பெயரையும் நானே எடுத்தேன். அதை அன்று மாலையே யாரோ திரும்பப் போட்டுவிட்டார்கள். கடிதங்களை மட்டும் மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. நாலாவது நாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கோபமே இல்லாமல், “வேலைய விட்டர்றதா நீங்களே பேப்பர் போட்டிருங்க,” என்றார். என் இடத்துக்குத் திரும்பினபோது பாஸ்வேர்டு மாறியிருந்தது.

பஸ் டிரைவருக்கு முதல் நாளே எழுதியிருந்தேன். அவர் பதில் போட்டாரா, கார்டை நிறுத்தினாரா என்று எனக்குத் தெரியாது.