அழித்துவிட்ட குரல்

பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த ஆய்வுத் திட்டத்தின் தலைப்பு அரைப்பக்க நீளம். உலகமயமாதல், அறம், நீடித்த வளர்ச்சி எல்லாம் அதில் வரும். சுருக்கமாகச் சொன்னால், திண்டிவனத்து மில்லில் உடைபடும் மல்லாட்டை வெளிநாட்டுக் கடையில் டப்பாவில் அடைத்த வேர்க்கடலையாக உட்காரும் வரை நடுவில் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கிற வேலை. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் வந்தேன்.

மில்லில் சொத்தைக் கடலைப் பயிறு பொறுக்குகிற பெண்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். ஒரே ஒரு அக்கா கேட்காததையும் சொன்னார். மூன்று நாள் சாப்பாட்டு வேளையில், லாரி நிழலில் உட்கார்ந்து பேசினார். முதலாளியைத் திட்டினார், மில் தூசியைத் திட்டினார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரே மகளைப் பற்றி ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தவே மாட்டார்.

பேச்சைப் பதிவு செய்யும் முன் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் வெளியே வராது, ஆய்வு முடிந்ததும் குரலை அழித்துவிடுவோம் என்று வாசித்தேன்.

"அழிச்சிடுவியா? இருந்துட்டுப் போவட்டுமே. நான் இன்னா திருட்டா பேசிக்கினு கீறேன்?" என்றார்.

"ரூல்ஸ் அப்படிக்கா. உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றேன். அவருக்கு எது பாதுகாப்பு என்று எனக்குத்தான் தெரியும் என்கிற நினைப்பு.

ஆய்வு முடிந்ததும், குரலை அழித்துவிட்டதாகப் பல்கலைக்கழக அறக்குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சில பேர் பதிவுகளை எங்காவது ஒளித்து வைத்துக்கொண்டு அழித்ததாகக் கையெழுத்துப் போடுவார்கள். அந்தப் பித்தலாட்டம் எனக்கு ஆகாது. போனிலும் லேப்டாப்பிலும் ஒன்றுவிடாமல் நானே அழித்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சில மாதம் கழித்து அக்காவின் மகள் எங்கள் துறைக்கே வந்துவிட்டாள். அம்மாவிடம் கொடுத்திருந்த படிவ நகலில் முகவரி இருந்ததாம். அம்மா மாரடைப்பில் போய்விட்டார், காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றாள்.

"அம்மா உங்க போன்ல நெறைய பேசுனாங்களாமே மேடம். எங்க வீட்ல பட்டன் போனுதான். அம்மா கொரலு எங்கியும் இல்ல. அதக் குடுத்தீங்கன்னா போதும், மெமரி கார்டு எடுத்துக்கினு வந்திருக்கேன்."

பேப்பரில் மடித்து வைத்திருந்த அந்தக் கார்டைப் பிரித்து என் மேஜைமேல் வைத்தாள். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். வெட்கமில்லாமல் விதியையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். திரும்ப எடுக்க முடியாதுங்களா என்று மட்டும் கேட்டாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரிடம் கூட்டிப் போனேன். ரொம்ப நேரம் தேடிவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

மிச்சம் இருந்தது அந்தப் பேச்சை எழுதி வைத்த பிரதி ஒன்றுதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அக்கா பேசியதை நேரே ஆங்கிலத்தில் அடித்திருந்தேன். அடையாளம் தெரியாமல் இருக்க அக்காவுக்கு நானே வைத்த வேறு பெயர்தான் மேலே இருந்தது. அதை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். என் வாயில் அது செய்தி வாசிக்கிற மாதிரி வந்தது. அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் மகள் டீச்சர் ஆவாள்" என்று நான் சொன்ன இடத்தில் நிமிர்ந்தாள்.

"மகள்னா சொன்னாங்க? எங்கம்மா என்னெ அப்பிடி சொல்லவே மாட்டாங்க மேடம். வேற ஒண்ணு சொல்லுவாங்க."

அது ஒரு செல்லப் பெயர்; ஆங்கிலத்தில் அடிக்கும்போது நான்தான் அதை மகள் என்று ஆக்கியிருந்தேன். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது வரை எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. நான் சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.