இரண்டு செய்தியும் ஒத்துப்போன நாள்

இலங்கையில் அரசும் இயக்கமும் போரை நிறுத்திவிட்டு வெளிநாடுகளில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். தோஹாவின் நஜ்மா பகுதியில், வேலைக்கு வந்த இடத்தில், ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் தமிழன், அவன் குருநாகல் பக்கத்துச் சிங்களவன். அவனுடைய தம்பி இராணுவத்தில், முகமாலை முன்னரங்கில் நின்றான். என் அக்காவின் மகன் கிளிநொச்சியில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு ஒருவர் வேண்டுமென்று இயக்கம் கேட்டது. பேச்சு முறிந்தால் அந்த இரண்டு பேரும் எதிரெதிரே நிற்க நேரும். அந்தப் பயத்தை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சண்டை பிடிப்பதெல்லாம் கறிக்கு எவ்வளவு தூள் என்பதில்தான்.

ஒவ்வொரு சுற்றுப் பேச்சுக்கும் நாள் எண்ணிக்கொண்டிருப்போம். அங்கே கோட்டும் சூட்டுமாக ஆறுதலாகத் தேநீர் குடிப்பார்கள், இங்கே எங்களுக்குச் சோறு இறங்காது. டியூட்டி முடிந்து வந்ததும் அவன் சிங்களச் செய்தி கேட்பான், நான் தமிழ்ச் செய்தி கேட்பேன். பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அவனுடைய செய்தியில் எங்கள் ஆட்கள் பிடிவாதக்காரர், என்னுடையதில் அவனுடைய ஆட்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் உண்மை என்று எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கூட்டம் நடந்த ஊரின் பெயர்தான் மிஞ்சும். அதிலும் ஒரு நிம்மதி இருந்தது. குற்றம் சொல்லிக்கொள்கிறவரை பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

ஒருநாள் இரண்டு செய்தியும் ஒத்துப்போயின. அடுத்த சுற்று இல்லை, திகதியும் இல்லை. அவன் வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போனான். தம்பியோடு பேசிவிட்டு, மீதி இருந்த போன் கார்டோடு திரும்பி வந்தான்.

"மல்லிக்கு லீவு வெட்டிட்டாங்க, மச்சான். எல்லாருக்கும் வெட்டு," என்றான் தன் உடைந்த தமிழில். தம்பியை அவன் மல்லி என்றுதான் சொல்வான். "அக்காட மகன் வெளியில எடு. இப்பவே."

இராணுவத்தில் எல்லோருக்கும் லீவு வெட்டினால் என்ன வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். இதை ஒரு தமிழனிடம் சொன்னது மேலிடத்துக்குத் தெரிந்தால் தம்பியின் கதை கந்தல். அப்படியும் சொன்னான்.

அந்தக் கார்டிலேயே என் கைபேசியிலிருந்து அக்கா வீட்டுக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்தேன். ஆளனுப்பிக் கூட்டி வந்தார்கள். அக்கா அழுதுகொண்டே பேசினாள்.

"பொடியனை நேற்றைக்கே இயக்கத்துக்குப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்களடா தம்பி."

போனை வைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பொடியன் கிளிநொச்சியை விட்டு, அரசுப் பக்கத்து வவுனியாவுக்கு வந்துவிட்டான் என்று சொன்னேன். அவன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"நல்லம் மச்சான்," என்றான். "இனி மல்லி சுட்டாலும் அவனுக்குப் படாது."