மஜீத் கேட்டைத் திறந்தது மட்டும்தான் உண்மை

மஜீத் போய்விட்டான்.

காலையில் மூதூரிலிருந்து அவன் மகன் கோல் எடுத்தான். "மாமா... வாப்பா மௌத்தாகிட்டார்." பிறகு அழுகைதான்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல, பேஸ்புக்கில் போட மருமகள் போனில் அடிக்கிறாள். திட்டினால் திட்டினபடியே அடி என்று சொல்லியிருக்கிறேன்.

நிலாவெளி ரோட்டில் ஒரு தனியார் கம்பஸ். பேர் வேண்டாம். அதன் கேட்டில் பதினொரு வருஷம் நானும் மஜீத்தும் செக்யூரிட்டி. இன்றைக்கு அந்தக் கம்பஸ் பேஸ்புக்கில் அவன் படத்தைப் போட்டுப் பூவும் வைத்திருக்கிறதாம். "மாணவர்களின் மன அழுத்தத்தைப் புரிந்துகொண்ட அன்புக் காவலர்" என்று மருமகள் வாசித்தாள்.

எந்த வாயால் சொல்லுகிறீர்கள்?

சோதனை எழுதும் நாள் நெருங்கினால் பிள்ளைகளின் முகம் காய்ந்துவிடும். நின்றபடியே கொப்பியைப் பார்ப்பார்கள்... பஸ் வந்து போனதும் தெரியாது. மஜீத் கூப்பிடுவான்.

"தம்பி, பேக்கை இங்க வை. போனையும் வை. கடல்ல காலை நனைச்சிட்டு அரை மணித்தியாலத்தால வா."

"படிக்கக் கிடக்குது அங்கிள்..."

"உன்ட படிப்பு எங்கயும் ஓடாது. கேட்டில நான்தானே இரிக்கன்!"

சில நாள் எங்கள் காவல் கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு பேக் கிடக்கும். ஒருத்தன் கொப்பியைச் சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு கடலுக்குப் போகப் பார்த்தான். மஜீத் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். "என்னடா, ஆறு மாசமா?"

பிறகு கம்பஸ்காரருக்கும் ஞானம் வந்தது. கொழும்பிலிருந்து கோட்டுப் போட்ட ஒருத்தரைக் கூட்டிவந்து, மன அழுத்தத்தைக் குறைக்க ஒரு வகுப்பு. அதுவும் சோதனைக்கு முதல் வாரம். வராதவனுக்குப் புள்ளி வெட்டு. வகுப்பு முடியும்வரை ஒருத்தரையும் வெளியே விடாதே என்று எங்களுக்கு ஓடர்.

"மூச்சு விடச் சொல்லிக் குடுக்க ஆள் கூட்டி வந்திரிக்கானுகள் மச்சான். விடுறத்துக்கு நேரம் குடுக்கானுகள் இல்ல," என்றான் மஜீத்.

அன்று மத்தியானம்தான் திரியாய் ஊர்ப் பெண் பிள்ளை ஒன்று கேட்டுக்கு வந்தது. ஹொஸ்டலில் இருந்து படிக்கிற பிள்ளை.

"அங்கிள், நான் வீட்ட போகவேணும்."

பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதென்றால் வார்டன் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். வார்டன் அந்த வகுப்பில் முன் கதிரையில் இருந்தா. இடையில் எழும்ப ஏலாதாம்.

"சாப்பிட்டியா மகள்?" என்று மஜீத் கேட்டான்.

பிள்ளை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "ரெண்டு நாளா நித்திரை இல்ல அங்கிள். புத்தகத்தைத் திறந்தா எழுத்து ஒண்டும் தெரியுதில்ல... இங்க இருந்தா எனக்கு என்னவோ ஆகிடும்."

நான் சொன்னேன், "மஜீத், கடிதம் இல்லாம விட்டா வேலை போயிடும்."

"போனா வேற கேட் கிடைக்கும் மச்சான். இந்தப் புள்ள போனா?"

திறந்தான். தன் போனில் பிள்ளையின் தாயைக் கூப்பிட்டுச் சொன்னான். ரோட்டைக் கடந்து திரியாய் பஸ்ஸை மறித்து, கண்டக்டரிடம், "தாய் வந்து நிப்பா. அவட கையில புள்ளையைக் குடுத்திட்டுத்தான் மத்த வேலை," என்றான்.

மூன்று நாள். தாயிடம் சாப்பிட்டு, தூங்கி, திரும்பி வந்து சோதனை எழுதியது அந்தப் பிள்ளை.

அடுத்த கிழமை விசாரணை. கம்பஸ் துரை ஒருத்தர் என்னைக் கூப்பிட்டுக் கதிரை தந்து உட்காரச் சொன்னார். பதினொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் கதிரை.

"ஐயா, பிள்ளை வெளிய போனதுதானே?"

"ஓம்."

"கடிதம் இல்லைத்தானே?"

"ஓம்."

"நடந்ததைத்தான் எழுதியிருக்கு. இதில பெருவிரலை வையுங்கோ."

வைத்தேன். வாசித்துக் காட்டுங்கோ என்று கேட்கவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், அதையும் குடித்தேன். மடையன்.

மஜீத்தை வேலையிலிருந்து நிற்பாட்டிய அன்று பஸ் தரிப்பிடத்தில் அவன் அந்தக் கடதாசியின் போட்டோக் கொப்பியை விரித்தான். "இதில உன்ட விரல் கிடக்கு மச்சான்."

"வாசி," என்றேன்.

மஜீத் பெண் பிள்ளைகளோடு சேட்டைக் கதை கதைக்கிறவனாம். முந்தியும் பலரைக் களவாக வெளியே விட்டவனாம். நான் தடுக்கத் தடுக்கக் கேட்கவில்லையாம்... பாதியில் மடித்துச் சேட்டுப் பையில் வைத்தான்.

"மிச்சம் வேணாம். உனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு அவனுகளுக்குத் தெரியும். அதான் உன்னப் புடிச்சிரிக்கானுகள்."

அவனுக்கு வேறு கேட் கிடைக்கவில்லை. வேலை கேட்ட இடமெல்லாம் அந்தக் கதை அவனுக்கு முதலே போய் நின்றது.

நான் போய் "அது பொய்" என்று சொல்லவில்லை. என் வேலையும் போய்விடும் என்ற பயம். இன்னும் நாலு வருஷம் அதே கேட்டில் நின்றேன். வெட்கம் கெட்டவன் நான்.

இப்போது சொல்லுகிறேன். கம்பஸ்காரரே, வடிவாக வாசியுங்கள். அந்தக் கடதாசியில் மஜீத் கேட்டைத் திறந்தான் என்பது மட்டும்தான் உண்மை. மற்றது முழுக்கப் பொய். நீங்கள் எழுதின பொய், என் விரல். உங்கள் பூவை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். நீங்கள் பறிக்க இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

பேக்கை வைத்துவிட்டுக் கடலுக்குப் போன பிள்ளைகளே, எனக்கு லைக் வேண்டாம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மூதூரில் ஜனாஸா அடக்கம். ஏலுமானவர்கள் வாருங்கள். மஜீத் எப்படிப்பட்டவன் என்று அவன் வீட்டாருக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அந்தக் கடதாசியில் விரல் யாருடையது என்று மஜீத் தன் வீட்டில் சொல்லவேயில்லை. இன்றைக்கு இதை மகன் வாசிப்பான். அவனைச் சுமக்கிற சந்தூக்குக்குத் தோள் கொடுக்க என்னை விடுவானோ தெரியாது.

விடாவிட்டால் பின்னால் நடப்பேன்.

வாறன் மஜீத்.