ரேகை இல்லாத விரல்கள்

பர்மாவில், ஷ்வேப்யிதா ஊரில் நான் வேலை செய்யும் தையல் ஃபேக்டரியில் எந்திரத்தில் விரலை வைத்தால்தான் வருகை பதிவாகும். புதிதாக வந்த மலைக்கிராமத்துப் பெண் எத்தனை தடவை வைத்தாலும் அந்தப் பாழாய்ப்போன எந்திரம் சிவப்பு விளக்கையே காட்டியது.

“கையைத் துடைச்சிட்டு வைம்மா,” என்றேன்.

“ரேகையே கிடையாதுக்கா. சின்ன வயசிலேருந்து கொதிக்கிற தண்ணியில பட்டுக்கூட்டைப் போட்டு நூல் எடுத்த கை. சீன நூல் மலிவா வந்ததும் எங்க நூலை வாங்க ஆளில்லே,” என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்தாள்.

மேலாளர் அன்றைக்கே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

என் கல்யாணப் புடவை இந்த நாட்டுப் பட்டு நூலில் நெய்தது. கோயிலுக்கு அதை உடுத்தினால் போதும், ரேகை இல்லாத விரல்கள் என் முதுகில் ஊர்கின்றன.