கிளம்பாத காருக்குக் கைதட்டினோம்

நாங்கள் வாங்கிய பழைய கார் பெரும்பாலும் ஒழுங்காகக் கிளம்பிவிடும். சில நாள் மட்டும் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சற்றுப் பொறுத்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வருவேன். பள்ளி விட்டதும் அது கிளம்புமா கிளம்பாதா என்று மற்ற டீச்சர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

என் கணவரோடு படித்த நண்பர் ஒருவர் ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பேட்டரியை மாற்றிப் பார்த்தார், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சோதித்தார். அவர் கண் முன்னால் மட்டும் அது ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை.

"மதினி, அது நிக்கிறப்ப நான் பக்கத்துல இருந்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும்" என்றார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை வீட்டோட வாங்க. செண்பகத்தோப்புக்குப் போவோம். சோறு நான் கட்டிட்டு வாரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஞாயிறு காலையில் அவரும் அவர் மனைவியும் டூல் பெட்டியோடு வந்து நின்றார்கள்.

என் கணவரும் சேர்ந்து நாலு பேராகப் புறப்பட்டோம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். டீக்கடையில் அணைத்தேன், கிளம்பியது. மலையடிவாரத்தில் புளியோதரையும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் திருப்பினேன், அப்போதும் கிளம்பியது. அவர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவியளக் கண்டா வண்டிக்கும் பயம் போல" என்றார்.

இருட்டுகிற நேரத்தில் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்தினோம். வாங்கி வந்து சாவியைத் திருப்பினேன். டக்!

நாலு பேரும் கைதட்டினோம். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மதினி, சாவியத் தொடாதிய!" என்று நண்பர் கதவைத் திறந்து ஓடினார். பானெட்டைத் தூக்கிவிட்டு, "ஹெட்லைட்டப் போட்டுட்டு இப்பத் திருப்புங்க" என்றார்.

திருப்பினேன். எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை.

"லைட்டு மங்கவே இல்லையே" என்றேன்.

"ஆமா. பேட்டரி நல்லாருக்கு. ஆனா கரண்டு மோட்டாருக்குப் போகல."

பெட்டியிலிருந்து ஒரு தடித்த கேபிளை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினிலும் மாட்டினார். உடனே கிளம்பியது. அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றச் சொன்னார் என் கணவர். கழற்றினார், மறுபடியும் டக். மாட்டினார், கிளம்பியது. அதேபோல பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் வயரில்தான் கோளாறு என்று ஆகிவிட்டது. டார்ச் அடித்துக் கீழே குனிந்து பார்த்தால், அந்த வயரை இறுக்கும் போல்ட்டுக்கு அடியில் ஒரே துரு. பார்க்க இறுக்கமாக இருந்தாலும், துரு நடுவில் நின்றுகொண்டு சில நேரம் கரண்டை விட்டிருக்கிறது, சில நேரம் மறித்திருக்கிறது.

"ஏலே, இதுக்கா எங்கள இம்புட்டு அலைய விட்ட?" என்றார் என் கணவர்.

"நானாலே விட்டேன்? ஒன் வண்டிதானே?"

நண்பர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, மறுபடி முறுக்கிவிட்டார். கைமுழுக்கக் கிரீஸ் என்பதால் அவர் பங்கு பால்கோவாவை அவர் மனைவிதான் ஊட்டிவிட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அணைத்து அணைத்துக் கிளப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சொன்னபடி கேட்டது. எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, "என்னட்டி, வண்டி நிக்க மாட்டேங்குதா?" என்று கேட்டார்.