மஞ்சள் ஏறிய டியூப்

எனக்கு முன்கோபம் அதிகம். தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெள்ளையணுக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அது உச்சத்தில் இருந்தது. வெள்ளையணுக்கள் என்னைவிட மோசமான முன்கோபிகள்.

உடம்பில் எங்காவது புண்ணோ கிருமியோ வந்தால் அழற்சிச் செய்தி ரத்தத்தில் பரவும். அது எட்டியதும் வெள்ளையணு, உள்ளே பதுக்கி வைத்திருக்கும் ஒரு நொதியைத் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடும். அழற்சியைத் தூண்டும் சின்னப் புரதத் துணுக்குகளை அந்த நொதி வெட்டிப்போடும். செய்தி வந்தபின் வெட்டு எவ்வளவு வேகமாகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அணுக்கள் இருக்கும் டியூபில் ஒரு ரசாயனத்தைச் சேர்ப்போம். நொதி அதை வெட்ட வெட்ட மஞ்சள் நிறம் ஏறும். சில டியூப்களில் அழற்சிச் செய்தியைச் சுமக்கும் மருந்தையும் நாங்களே கலப்போம். செய்தி கொடுத்த டியூப் நல்ல மஞ்சளாக வேண்டும், கொடுக்காதது வெளிறியே இருக்க வேண்டும்.

இதற்கு நோய்நொடி இல்லாத ஆளின் ரத்தம் வேண்டும். கொடுத்தவள் பக்கத்து மேசைத் தோழி. என்னைவிட இரண்டு வயது இளையவள், துடியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். செவ்வாய்க்கிழமை வந்ததும் இடது கையை நீட்டுவாள். சளி, காய்ச்சல் உண்டா என்று கேட்பது விதி. "ஒண்ணுமில்லீங்க்கா, எடுங்க" என்பாள். ஊசி குத்துகிற வலியை மறக்க ஏதாவது வீட்டுக் கதை சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கதைகளுக்காகவே செவ்வாய்க்கிழமைகளுக்குக் காத்திருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் எல்லாம் கெட்டது. செய்தியே கொடுக்காத டியூப் மஞ்சளானது. வேகமாகச் சுழற்றினாலும், ஐஸிலிருந்து எடுத்துச் சட்டென்று சூடாக்கினாலும், வெள்ளையணு தானாகவே நொதியை வெளியே தள்ளிவிடும். அதனால் இப்படி வந்தால் 'கைப்பிழை' என்று நோட்டில் எழுதி, மஞ்சளை அளந்த எண்ணைக் கோடிட்டு அடித்துவிடுவது எங்கள் கூடத்து வழக்கம். நானும் அடித்தேன். அடுத்த வாரமும் மஞ்சள். அதற்கடுத்த வாரமும்.

டியூப்களை ஐஸில் வைத்து எடுப்பது அவள் பொறுப்பு. மூன்றாம் வாரம் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"காலைல வெரலு மடங்க மாட்டீங்குதுங்க்கா. பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நின்னுட்டு வந்ததுனாலயோ என்னமோ. இனிப் பதனமாச் செய்யறேனுங்க" என்றாள்.

சாக்கு என்று நினைத்தேன். மறுவாரம் வேறொரு மாணவியின் ரத்தத்தை எடுத்து, எல்லாவற்றையும் நானே செய்தேன். டியூப் வெளிறி நின்றது. "இனிமேல் நீ ரத்தமும் கொடுக்க வேண்டாம், டியூபையும் தொட வேண்டாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "சரிங்க்கா" என்று போய்விட்டாள். அதற்குப்பின் கதைகள் இல்லை.

பொங்கல் விடுமுறைக்குப் போனவள் திரும்பவில்லை. முடக்குவாதமாம், விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டதாம். கேட்ட அன்றே நோட்டைத் திறந்து பார்த்தேன். அடித்திருந்த மூன்று எண்களும் அவளுடையவை. அழற்சிச் செய்தியை நான் கொடுக்கவில்லை, அவள் உடம்பே கொடுத்திருக்கிறது. சத்தியம் செய்ய முடியாது, மூன்று எண் ஒரு சாட்சியா என்று யாரும் கேட்கலாம். ஆனால் விரல் மடங்கவில்லை என்ற அன்றைக்கே டாக்டரிடம் போ என்று சொல்லியிருந்தால் அவள் கைக்குச் சில மாதங்களாவது கிடைத்திருக்கும். அடுத்த மேசை காலியாகவே கிடந்தது. அவளை அப்படித் தேடியது மனசு.

அதன்பின் அவளைப் பார்த்தது ஒரே ஒரு முறை, காந்திபுரத்தில். ஈரோட்டு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து "ஏனுங்க்கா!" என்று கூப்பிட்டாள். கைகளை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அண்ணன் வீட்டோடு இருக்கப் போகிறாளாம். படிப்பை விட்டாயிற்றாம். நான் சொல்ல வேண்டியதை எடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"இப்ப டியூப் நல்லா வருதுங்களா?"

"வருது."

"அப்பாடா. என்னாலதான் உங்க வேலை கெட்டுப்போச்சோன்னு ஒரே வெசனமா இருந்துச்சுங்க்கா. நாந்தானுங்களே ஐஸுல சரியா வெக்கல?"

பஸ் நகர ஆரம்பித்தது. அவள் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்பதுபோல.